மீனின் குடலும் முத்தின் கதையும்

மீன் அறுப்பவர் முதலில் எடுத்தெறிவது அதன் குடலைத்தான். செதிலைச் சுரண்டி, பூவை அகற்றி, வயிற்றைக் கீறிக் குடலை இழுத்து வீசினால் காகமும் பூனையும் அதற்காகக் காத்திருக்கும். சட்டிக்கு உதவாத கழிவு என்றே நாம் அதனைக் கருதுகிறோம். ஆயினும் நேயர்களே, அந்தக் கழிவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அறிஞர் பலர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதனுள்ளே நோக்கி வந்திருக்கின்றனர். நமது இலங்கைத் தீவில் ஒரு காலத்தில் அரசாங்கத்தின் வருமானமும், ஒரு கொம்பனியின் முதலும், கற்றோர் சிலரின் புகழும் ஒரு மீனின் குடலுக்குள் இருந்த சிறு புழுவோடு பிணைந்து கிடந்தன. அந்த வரலாற்றையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கதை நிகழும் இடத்தை முதலில் மனத்திற் கொள்வோம். திருக்கோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கையின் நீர் அதிலே வந்து கலக்கிறது. குடாவின் மேற்கு ஓரத்திலே கிண்ணியாவும், அதனை அடுத்துக் குறிஞ்சாக்கேணியும் இருக்கின்றன. குறிஞ்சாக் கொடியையும் கேணியையும் பெயரிலே தாங்கிய இவ்வூர், ஒருபுறம் வயலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த ஊர். கிண்ணியாவின் ஒடுங்கிய நீர்வாய் வழியாகக் கடல் ஏறியும் வடிந்தும் செல்ல, அதற்கு அப்பால் தம்பலகாமக் களப்பு பரந்து கிடக்கிறது. களப்பின் ஓரத்திலே கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. கரையிலே எருமைகள் மேய்கின்றன. நீரிலே மணலை, ஒரா, முரல், இறால், நண்டு என்று பலவும் வாழ்கின்றன. உண்ணும் வகையால் வேறுபட்ட இத்தனை உயிர்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பது, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் பொருத்தமானது.

இந்த நீரில் வாழும் மீன்களைப் பிளந்து அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போமானால், குடலுக்குக் குடல் வேற்றுமை இருப்பது உடனே புலப்படும். அறக்குளா பிற மீனைத் துரத்திப் பிடித்து விழுங்குவது. அதன் இரைப்பை நீண்டு விரியக்கூடிய பை, குடலோ குறுகியது. இறைச்சி எளிதிற் கரையும் உணவாதலால் நெடுவழி அதற்குத் தேவையில்லை. பாசியை மேயும் ஒராவின் வயிற்றிலோ குடல் சுருள் சுருளாக மடிந்து கிடக்கும். இலையும் பாசியும் கரைவதற்குக் காலம் வேண்டும். காலம் வேண்டுமாயின் நீளம் வேண்டும். முரலுக்கு இரைப்பையே இல்லை. வாயிற் புகுந்தது நேரே குடலுக்குச் செல்கிறது.

மடவை என்றும் அழைக்கப்படும் மணலையின் சங்கதி இன்னும் விந்தையானது. கண்டல் மரத்தின் இலை சேற்றில் வீழ்ந்து அழுகுகிறது. அழுகிய துகளையும் அதன்மேற் படர்ந்த நுண்ணுயிரையும் சேற்றோடு சேர்த்தே மணலை உண்கிறது. அதன் இரைப்பையின் ஒரு பகுதி கோழியின் அரைப்பையைப் போலத் தடித்த தசையாலானது. உண்ட மணலே அங்கு திரிகைக் கல்லாகி உணவை அரைக்கிறது. புறாத்தீவை அடுத்த பவளப் பாறைகளில் வாழும் கிளிமீனுக்கு இரைப்பை இல்லை. ஆனால் தொண்டையிலே அரைக்கும் பற்கள் உண்டு. பாறையைக் கறண்டி, பாசியோடு பவளக் கல்லையும் பொடியாக்கி விழுங்கி, சத்தை எடுத்துக்கொண்டு மணலை வெளியேற்றுகிறது. பவளக் கடற்கரைகளின் வெண்மணலிலே ஒரு பங்கு இவ்வாறு மீனின் குடல் வழியாக வந்ததேயாகும்.

இனி உணவு எவ்வாறு நகர்கிறது என்பதைப் பார்ப்போம். நாம் உண்ணும்போது உமிழ்நீர் ஊறுகிறது, பற்கள் மெல்கின்றன, நாக்கு புரட்டுகிறது. மீனுக்கு நம்மைப்போல உமிழ்நீர்ச் சுரப்பிகள் இல்லை. பெரும்பாலான மீன்களுக்குப் பல் மெல்வதற்கு அன்று. பிடித்த இரை நழுவாதிருப்பதற்கே. தொண்டையிலும் களத்திலும் சுரக்கும் வழுவழுப்பான சளியே இரையைச் சறுக்கிச் செல்லச் செய்கிறது. அதன்பின் குடற்சுவரிலுள்ள தசைகள் வேலையை ஏற்கின்றன. உணவுக்குப் பின்னால் உள்ள தசைவளையம் சுருங்குகிறது. முன்னால் உள்ளது தளர்கிறது. பையிலே சிக்கிய ஒரு பொருளை வெளியிலிருந்து பிதுக்கிப் பிதுக்கித் தள்ளுவது போல, இச்சுருக்கம் அலையலையாகச் சென்று உணவை முன்னோக்கிச் செலுத்துகிறது. இரைப்பையில் அமிலமும் நொதியமும் சேர்ந்து ஊனைக் கரைக்கின்றன. இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்திலே பல மீன்களுக்கு விரல்போன்ற சிறு பைகள் கொத்தாகத் தொங்கும். அங்கு பித்தமும் வேறு நீர்களும் கலந்து சமிபாடு தொடர்கிறது. மீனின் உடற்சூடு நீரின் சூட்டையே பெரும்பாலும் ஒத்திருப்பதால், வெந்நாளில் இவ்வேலை விரைந்தும் குளிர்நாளில் தாழ்ந்தும் நடைபெறும்.

இவ்வளவும் நமக்கு இன்று எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் இதனை அறிவதற்கு மனிதன் கடந்து வந்த வழி நெடியது.

கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், கடலோர மக்களோடு பழகி, மீன்களை அறுத்துப் பார்த்தவர். மீன்களின் இரைப்பையருகே தொங்கும் அந்த விரற்பைகளை அவர் குறித்திருக்கிறார். இனத்துக்கு இனம் அவற்றின் எண்ணிக்கை மாறுவதையும் கவனித்திருக்கிறார். மணலையின் இரைப்பை பறவையின் இரைப்பையைப் போலத் தசை செறிந்தது என்று அவர் கூறியது இன்றைக்கும் பொருந்துகிறது. கிளிமீனோ மாட்டைப்போல அசைபோடுவதாக அவர் எழுதினார். அது உண்மையில் அசைபோடுதல் அன்று, தொண்டைப் பற்களின் அரைப்பு. எனினும் அம்மீன் ஏனைய மீன்களைப் போல வெறுமனே விழுங்குவதில்லை என்பதை அவர் கண்ணுக்குத் தப்பவிடவில்லை. தம்பலகாமத்து எருமை, அவசரமாக மேய்ந்த புல்லை முதலறையில் நிரப்பி, பின்பு நிழலில் நின்று மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுகிறதே, அதுவே அசைபோடுதல். நான்கு அறைகள் கொண்ட அவ்வயிற்றிலே கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லைச் சிதைத்துக் கொடுக்கின்றன. நாம் விரும்பியுண்ணும் கெட்டித் தயிர் அந்த நுண்ணுயிர்களின் உழைப்பிலிருந்தே தொடங்குகிறது.

வயிற்றிலே உணவுக்கு என்ன நேர்கிறது என்பது பற்றிப் பழங்காலத்தார் பெரும்பாலும் ஒரே விடையைக் கூறினர். வயிற்றில் ஒரு தீ இருக்கிறது. அது உணவைச் சமைக்கிறது என்றனர். நமது வைத்திய நூல்கள் சடராக்கினி என்றதும், கிரேக்கர் சமையலைக் குறிக்கும் சொல்லாலேயே சமிபாட்டையும் குறித்ததும் இந்த எண்ணத்தாலேயே. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்தனர். இரைப்பை ஒரு திரிகை; அரைப்பதே அதன் தொழில் என்றது ஒரு கட்சி. இரைப்பையில் ஊறும் நீரே உணவைக் கரைக்கிறது என்றது மற்றக் கட்சி.

இவ்வழக்கைத் தீர்க்க முற்பட்டவர் பிரான்சு நாட்டு ரெயோமூர். இரையின் சமிபடாத பகுதியைக் கக்கும் இயல்புடைய பருந்து ஒன்றுக்கு, துளையிட்ட உலோகக் குழாயினுள் இறைச்சியை வைத்து விழுங்கக் கொடுத்தார். குழாய் நசுங்கவில்லை. உள்ளிருந்த இறைச்சியோ கரைந்திருந்தது. எனவே அரைப்பு இல்லாமலே கரைவு நிகழ்கிறது என்று 1752இல் நிறுவினார். அவருக்குப் பின் இத்தாலியப் பாதிரியார் ஸ்பலன்சானி, கோழி, தவளை, மீன் முதலிய பல உயிர்களிலும் இதனைச் சோதித்தார். உணவு வைத்த துணிப்பைகளையும் மரக்குழாய்களையும் தாமே விழுங்கியும் பார்த்தார். 1780இல் அவருடைய முடிவுகள் நூலாக வெளிவந்தன. குளிர்ந்த உடலையுடைய மீனின் வயிற்றிலும் ஊன் கரைகிறது என்றால், அங்கு எரிவது தீயன்று என்பது தெளிவாயிற்று.

1822ஆம் ஆண்டு வட அமெரிக்காவிலே அலெக்சிஸ் சென்மாட்டின் என்னும் இளைஞனின் வயிற்றில் துப்பாக்கி வெடித்து, ஆறிய பின்னும் மூடாத துவாரம் ஒன்று எஞ்சிற்று. அத்துவாரத்தின் வழியாக வைத்தியர் போமொண்ட் உணவைக் கட்டித் தொங்கவிட்டும், இரைப்பை நீரை எடுத்தும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1833இல் நூல் வெளியிட்டார். 1836இல் ஜெர்மானியரான ஷ்வான் இரைப்பை நீரிலுள்ள பெப்சின் என்னும் நொதியத்தைக் கண்டறிந்தார். அந்த நூற்றாண்டின் இறுதியிலே எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதும், அமெரிக்க மாணவராயிருந்த கனன், பிஸ்மத்து உப்புக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி, உயிருள்ள விலங்கின் இரைப்பை அலையலையாகச் சுருங்குவதைத் திரையிலே கண்டார். 1899இல் இங்கிலாந்தின் பேலிசும் ஸ்டார்லிங்கும், உணவுக்குப் பின்னே சுருக்கமும் முன்னே தளர்ச்சியும் ஏற்படும் விதியை வகுத்தனர்.

ஐரோப்பிய ஆய்வுகூடங்களிலே இவை நிகழ்ந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில், திருக்கோணமலையிலே வேறொரு வினா எழுந்தது. அது சிப்பியைப் பற்றிய வினா.

மன்னார்க் கடலின் முத்துச் சலாபம் பழம்பெருமை வாய்ந்தது. ஆனால் அது நம்பத்தகாத செல்வம். 1837க்குப் பின் 1855 வரை சலாபமே நடைபெறவில்லை. பார்களிலிருந்து சிப்பிகள் மறைந்துவிட்டன. காரணம் எவருக்கும் விளங்கவில்லை. மீண்டும் சிப்பிகள் தோன்றியபோது, அவற்றின் வாழ்வை ஆராயும் பொறுப்பை அரசாங்கம் 1857இல் எட்வேட் பிரெடெரிக் கெலார்ட் என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் இலங்கையிற் பிறந்தவர், இராணுவ வைத்தியர். இந்நாட்டு விலங்குகளைப் பற்றி 1852இலேயே நூல் எழுதியவர். அவர் திருக்கோணமலையிலே சிப்பிகளை நீர்த்தொட்டிகளில் வளர்த்து அவதானித்தார். சிப்பி தன்னைப் பாறையோடு பிணைக்கும் நாரைத் தானே அறுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து, மீண்டும் புதுநாரால் பற்றிக்கொள்ளும் என்பதை அவரே கண்டு சொன்னார்.

கெலார்ட் தம்பலகாமக் களப்பையும் ஆராய்ந்தார். அக்களப்பின் சேற்றிலே வேறொரு சிப்பி வாழ்கிறது. அது தட்டுப்போலத் தட்டையானது, ஓடு மெல்லியது, ஒளி ஊடுருவக்கூடியது. கோவாவிலும் பிலிப்பைன் தீவுகளிலும் இத்தகைய ஓட்டை ஜன்னல்களிலே கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்தனர். தம்பலகாமத்திலோ அதனுள் இருக்கும் மிகச் சிறிய முத்துக்களுக்காகவே அதனை எடுத்தனர். அம்முத்துக்கள் இந்தியாவுக்கு ஏற்றப்பட்டன. அங்கு செல்வர் அவற்றைச் சுட்டு நீறாக்கி வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்பாகக் கொண்டனர். 1858க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மட்டும் குத்தகைக்காரர் எடுத்த சிப்பிகள் 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறையா என்று அக்காலத்துக் கணிப்பு ஒன்று உண்டு. பிற்காலத்தில் ஜேம்ஸ் ஹோர்னல் என்னும் அறிஞரும் இக்களப்பின் சிப்பிகளை ஆராய்ந்து 1906இல் அறிக்கை வெளியிட்டார்.

சிப்பி எவ்வாறு உண்கிறது? அதற்குத் தலையும் இல்லை, பல்லும் இல்லை, துரத்தும் ஆற்றலும் இல்லை. நீரே அதற்கு உணவு கொணர வேண்டும். ஓட்டைச் சிறிது திறந்து, பூக்களின்மீதுள்ள எண்ணற்ற பிசிர்களை அசைத்து, நீரோட்டத்தை உண்டாக்குகிறது. நீரிலுள்ள நுண்பாசிகளும் துகள்களும் சளியில் ஒட்டிக்கொள்ள, பிசிர்கள் அவற்றை வாய்க்கருகே கொண்டு செல்கின்றன. அங்கு இதழ்போன்ற உறுப்புகள் வேண்டியதை உள்ளே விடுகின்றன. வேண்டாததைச் சளியில் உருட்டி வெளியே தள்ளுகின்றன. இரைப்பைக்குள்ளே பளிங்குபோன்ற ஒரு கோல் இருக்கிறது. பிசிர்களின் அசைவால் அக்கோல் சுழன்று சுழன்று, சளியில் கட்டுண்ட உணவை இழுத்து, தானும் சிறிது சிறிதாகக் கரைந்து நொதியத்தை விடுகிறது. மத்துச் சுழன்று தயிர் கடைவதை அது நினைவூட்டும். அறக்குளாவின் குடலிலே தசை செய்யும் வேலையை இங்கே கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளே செய்கின்றன.

ஆனால் வாயிற் புகும் அனைத்தும் உணவாகிவிடுவதில்லை. நீரோடு பகையும் உட்புகுகிறது. 1859ஆம் ஆண்டளவிலே கெலார்டும், இலங்கைக்கு வந்திருந்த சுவிஸ் நாட்டு விலங்கியலாளர் ஹம்பேர்ட்டும், முத்துச்சிப்பியின் உடலுக்குள் பலவகைப் புழுக்கள் ஒட்டுண்ணிகளாக இருப்பதைக் கண்டனர். முத்து உண்டாவதில் இப்புழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று இருவரும் கருதினர். மணற்றுகள் உறுத்துவதால் முத்துப் பிறக்கிறது என்றும், மழைத்துளி சிப்பியில் வீழ்ந்து முத்தாகிறது என்றும் நம்பிய உலகத்துக்கு இது புதிய செய்தி. ஆனால் ஆராய்ச்சியை முடிக்கும் காலம் கெலார்டுக்குக் கிட்டவில்லை. 1860இல், இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில், கப்பலிலேயே அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 40.

நாற்பதாண்டுகள் கழிந்தபின், 1902இல், லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஹேர்ட்மன், ஹோர்னலைத் துணையாகக் கொண்டு இலங்கைக்கு வந்தார். மன்னார்ப் பார்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. கெலார்ட் விட்ட இழையை அவர்கள் பற்றிக்கொண்டனர். சிப்பிக்குள் இருப்பது நாடாப்புழு ஒன்றின் குடம்பி என்றால், அதன் வளர்ந்த பருவம் எங்கே? குடம்பி சிப்பிக்குள் முதிர்வதில்லை. எனவே சிப்பியை உண்ணும் ஏதோ ஒரு பிராணியின் குடலிலேதான் அது முதிர வேண்டும். சிப்பியை உண்பது எது?

இங்கேதான் மீனின் குடல் முத்தின் கதைக்குள் நுழைகிறது. சிப்பியைக் கடித்துண்ணும் கிளாத்தி மீன்களையும், தட்டையான பற்களால் ஓட்டை நொறுக்கியுண்ணும் திருக்கைகளையும் பிடித்துக் குடலைப் பிளந்து பார்த்தனர். திருக்கையின் குடலிலே தேடிய இனத்து வளர்ந்த புழுக்கள் கிடைத்தன.

திருக்கையின் குடல் ஏனைய மீன்களின் குடலைப் போன்றதன்று. வெளியிலிருந்து பார்த்தால் அது குறுகிய, தடித்த குழாய். உள்ளேயோ சுழற்படிக்கட்டைப் போன்ற ஒரு மடிப்பு மேலிருந்து கீழ்வரை சுற்றிச் செல்கிறது. சுறாவுக்கும் அவ்வாறே. நேர்வழியாகச் சென்றால் சில அங்குலத்தில் முடிந்துவிடும் பயணத்தை, உணவு சுற்றிச் சுற்றிச் செல்ல நேர்கிறது. இடம் குறைவு, ஆனால் சத்தை உறிஞ்சும் பரப்பு மிகுதி. 2021இல் சுறாக் குடல்களை முப்பரிமாணக் கதிர்ப்படம் எடுத்த ஆய்வாளர், இச்சுழலமைப்பு உணவைத் தாமதப்படுத்துவதோடு, பின்னோக்கித் திரும்பாமல் ஒரே திசையிற் செல்லவும் உதவுகிறது என்று கண்டனர். உணவு மெதுவாகச் செல்லும் மடிப்பு நிறைந்த குடல் திருக்கைக்கு நன்மை. பற்றிக்கொள்ள இடம் தேடும் நாடாப்புழுவுக்கோ அதைவிட நல்ல குடியிருப்பு இல்லை. தலையிலுள்ள கொளுவிகளால் குடற்சுவரைப் பற்றி, அலையலையாகத் தள்ளும் தசைக்கு அசையாமல் நின்று, திருக்கைக்காகச் சமிபட்ட உணவைத் தன் தோலாலேயே உறிஞ்சி வாழ்கிறது.

இவ்வாறு ஒரு வட்டம் தெளிவாயிற்று. புழுவின் முட்டைகள் திருக்கையின் கழிவோடு கடலிற் கலக்கின்றன. குடம்பிகள் சிப்பியின் உடலிற் புகுகின்றன. சிப்பி அவற்றைச் சுற்றி உறையிடுகிறது. திருக்கை சிப்பியை நொறுக்கி உண்கிறது. உறை கரைந்து, புழு விடுபட்டு, சுழற்குடலிலே முதிர்கிறது. இந்தச் சுற்றில் திருக்கையின் வாய்க்குத் தப்பிய சிப்பிக்குள், குடம்பி இறந்து, அதன்மேல் முத்துப்பூச்சு படலம் படலமாகப் படிந்தால் அதுவே கீழைத்தேசத்து உயர்ந்த முத்து என்று ஹேர்ட்மனும் ஹோர்னலும் கருதினர். அக்கருத்தின்படி, அரசியின் கழுத்திலே ஒளிர்வது ஒரு புழுவுக்கு எழுப்பிய கல்லறை. முத்துப்பாரின் பகைவன் என்று வெறுக்கப்பட்ட திருக்கையே முத்துக்கு வித்திடுவதும் ஆயிற்று. அதை அடியோடு அழித்தால் சிப்பி பெருகலாம். முத்து அருகிவிடும் அன்றோ?

அக்காலத்து நிகழ்ச்சிகளும் நம்பிக்கையை வளர்த்தன. 1905ஆம் ஆண்டுச் சலாபத்திலே 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. விஞ்ஞானம் கடலைத் தோட்டமாக்கிவிடும் என்று பலர் எண்ணினர். 1906இல் இலண்டனில் அமைந்த கொம்பனி ஒன்று, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில், 20 ஆண்டுகளுக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த ஆண்டுச் சலாபத்தோடு அதன் நற்காலம் முடிந்தது. பார்களிலே புதிய சிப்பிகள் நிலைக்கவில்லை. குத்தகைக் காலம் பாதியைக் கூட எட்டுமுன் கொம்பனி கலைந்தது. மன்னாரில் மறுபடியும் சலாபம் கூடியது 1925இலேயாம்.

கருத்தும் சோதனைக்குள்ளாயிற்று. ஜேம்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இலங்கை முத்துக்களை மெல்லிய தகடாக அறுத்து நுண்பெருக்கியால் நோக்கி, 1912இல் தமது முடிவை வெளியிட்டார். பெரும்பாலான முத்துக்களின் நடுவிலே நாடாப்புழு எதுவும் இல்லை. சிப்பிக்குள் மலிந்து காணப்பட்ட உருண்டைக் குடம்பிகளும், முன்பு கருதிய இனத்துக்கு உரியனவல்ல என்று பின்னர் தெரிந்தது. அக்காலத்திலேயே ஜப்பானில் நிகழ்ந்த ஆய்வுகள் உண்மையை வேறு வழியில் காட்டின. முத்தை உண்டாக்குவது புழுவும் அன்று, மணலும் அன்று. ஓட்டைச் சுரக்கும் மேற்படைக் கலங்கள் சில, எக்காரணத்தாலோ உடலின் உட்புறத்திற் சென்று பையாக அமைந்தால், அப்பைக்குள்ளே முத்து வளர்கிறது. புழு அக்கலங்களை உள்ளே இழுத்துச் செல்லும் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். ஒரே காரணம் அன்று. வளர்ப்பு முத்துத் தொழில் முழுவதும் இந்த அறிவின்மீதே எழுந்தது.

ஆகவே திருக்கையின் குடலை அறுத்த உழைப்பு வீண்போயிற்றா? இல்லை. முத்தைப் பற்றிய விடை அங்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று கிடைத்தது. ஓர் உயிரின் குடல் அதனோடு முடிந்துவிடுவதில்லை. கடலிலுள்ள உயிர்களெல்லாம் ஒன்றின் குடல் வழியாக மற்றொன்றோடு பிணைந்திருக்கின்றன என்பதே அவ்வுண்மை. கண்டல் இலை சேறாகி மணலைக்குள் செல்கிறது. மணலை பெருமீனுக்குள் செல்கிறது. பெருமீனின் கழிவு நீருக்கு உரமாகி நுண்பாசியை வளர்க்கிறது. நுண்பாசி சிப்பிக்குள் செல்கிறது. கொட்டியாரக் குடாவுக்கு வெளியே ஆழ்கடலிலே உலாவும் திமிங்கிலமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே. கணவாயை உண்ணும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலிலே, சமிபடாத கணவாய் அலகுகளைச் சூழ்ந்து திரளும் பொருளைத்தான் அம்பர் என்று அரபு வணிகர் பொன்விலைக்கு விற்றனர். கழிவு என்று தள்ளிய இடத்திலே மனிதன் மணத்தையும் கண்டான்.

இன்று மீன்வள ஆராய்ச்சியாளர் பிடிபட்ட மீனின் நீளத்தையும் நிறையையும் மட்டும் அளப்பதில்லை. இரைப்பையையும் திறந்து பார்க்கின்றனர். எந்த மீன் எதை உண்கிறது என்று தெரிந்தாலன்றி, எதைக் காத்தால் எது பெருகும் என்று கூற முடியாது. கண்டற் காட்டை வெட்டினால் மணலை ஏன் குறைகிறது என்பதற்கான விடை மணலையின் வயிற்றிலே இருக்கிறது.

வேறு வகைச் செய்திகளும் இப்போது அவ்வயிறுகளிலிருந்து வருகின்றன. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பாலுள்ள கடலிலே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணைகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. செத்து ஒதுங்கிய மீன்களின் வாயிலும் பூக்களிலும் அக்குருணைகள் காணப்பட்டன. மீன் முட்டையின் அளவும் நிறமும் உள்ள அவற்றை மீன் வேறுபடுத்தி அறியாது. எந்த நொதியமும் அவற்றைக் கரைக்காது. அக்கப்பலின் பெயருக்கு முத்து என்று பொருள். ஒரு காலத்தில் குடலின் வழியாக முத்தைத் தேடினோம். இப்போது முத்தின் பெயர் தாங்கிய கப்பல் கரையாத மணிகளைக் குடலுக்குள் அனுப்பியிருக்கிறது.

சிப்பிக்கு ஓடித் தப்பும் வழி இல்லை. களப்பு நீரில் எது கலக்கிறதோ அதுவே அதன் வாய்க்குள் செல்லும். அது வேண்டாததைச் சளியில் உருட்டி வெளியே தள்ளக் கற்றிருக்கிறது. ஆனால் நஞ்சும் நுண்பிளாஸ்டிக்கும் அத்தெரிவுக்கு அகப்படாமல் உட்புகக் கூடியவை. அவ்வாறு புகுவது, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாக ஏறி, இறுதியில் நம் கலத்துக்கே வந்து சேரும். தம்பலகாமக் களப்பிலும் கொட்டியாரக் குடாவிலும் வலைவீசி வாழும் குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கல்வி அன்று. அடுத்த வேளைச் சோற்றின் கேள்வி.

நேயர்களே, கெலார்ட் நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தது சிப்பிக்குள் இருந்த ஒரு சிறு புழுவை. அதன் பின்னால் ஒரு கடலே இருந்தது. மீன் அறுக்கும் பலகையிலே நாம் ஒதுக்கித் தள்ளுவதிலும் அக்கடலின் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. அச்செய்தியைப் படிக்கக் கற்ற சமுதாயம் தன் கடலைக் காத்துக்கொள்ளும்.